காற்று போனால் போதுமா?

நாளை இரவு விமானம்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. அதன் பின்னால் ஒரு சந்து. சந்தில் ஒரு சிறிய வீடு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் அது. அப்படி ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டு மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். ஒரு மாத லீவில் வந்தான். லீவு முடிந்துவிட்டது. நாளை இரவு விமானம்.

அம்மா காலையிலிருந்தே அடுப்படியில் நிற்கிறார். புட்டு மாவு வறுத்தாயிற்று. நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்தாயிற்று. நெத்திலிக் கருவாடு காய்ந்து தயாராக இருக்கிறது. மண்சட்டியில் நெய்மீன் குழம்பு கொதிக்கிறது. குடம்புளி வாசம் தெருவரை போகிறது.

மருமகள் ஒரு இயந்திரத்தைக் கொண்டு வந்தாள். தோழியிடம் இரவல் வாங்கியது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். மேலே ஒரு மூடி.

“இது என்ன மக்களே?” என்று அம்மா கேட்டார்.

“இதற்கு வேக்குவம் சீலர் என்று பேர், மாமி. பைக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கும். பிறகு பையின் வாயை ஒட்டிவிடும். உள்ளே இருக்கிற சாமான் சீக்கிரம் கெடாது.”

அம்மாவுக்கு மகிழ்ச்சி. “அப்படியானால் மீன் குழம்பையும் இதில் போட்டு ஒட்டிவிடு. அவன் அங்கே போய் ஒரு வாரம் வைத்துச் சாப்பிடட்டும். அவன் அறையில் பிரிட்ஜ் இல்லை. காற்றுதான் இல்லையே, கெடாதுதானே?”

மருமகள் யோசித்தாள். கெடாதா? நீங்களும் யோசியுங்கள். பதிலைப் பாடத்தின் நடுவில் பார்ப்போம்.

காற்று என்ன செய்கிறது?

உணவு ஏன் கெடுகிறது? பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று காற்று.

நம்மைச் சுற்றியுள்ள காற்றை 100 பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். இந்த ஆக்சிஜனைத்தான் பிராணவாயு என்கிறோம். நாம் உயிர் வாழ அது வேண்டும். ஆனால் அதே ஆக்சிஜன் உணவைக் கெடுக்கவும் செய்கிறது.

எண்ணெயில் பொரித்த பண்டத்தைத் திறந்து வைத்தால் சில நாளில் சிக்கு வாடை வருகிறது. எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்வதால் வரும் வாடை அது.

மழைக்காலத்தில் சிப்ஸ் நமுத்துப் போகிறது. காற்றில் உள்ள ஈரம்தான் காரணம். திருவனந்தபுரம் கடலோர நகரம். ஜூன் மாதம் ஒரு மழைக்காலம் தொடங்கும். ஐப்பசியில் இன்னொரு மழை. ஈரத்துக்குக் குறைவே இல்லை.

அரிசியிலும் ரவையிலும் வண்டு வருகிறது. வண்டும் மூச்சு விட வேண்டும். அதற்கும் காற்று வேண்டும்.

மரச்சீனிக் கிழங்கைப் பாருங்கள். கப்பை என்றும் சொல்கிறோம். பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கருப்புமாகக் கோடு ஓடுகிறது. கிழங்கின் வெட்டுக் காயம் வழியாக ஆக்சிஜன் உள்ளே புகுவதே இதற்கு முக்கியக் காரணம். கிழங்கின் மேல் மெழுகு பூசினால் இந்தக் கோடு விழுவது தள்ளிப் போகும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம் என்ற இடத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டில் தொடங்கியது. கிழங்குகளைப் பற்றி அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள்.

ஆகவே காற்றை விலக்கினால் பல பண்டங்கள் அதிக நாள் நிற்கும். இது உண்மை.

நம் பாட்டிக்கும் தெரியும்

காற்றை விலக்கும் வித்தை புதிதல்ல. நம் பாட்டிமாருக்கும் தெரியும்.

பரணியில் மாங்காய் ஊறுகாய் போடுகிறோம். கடைசியில் மேலே எண்ணெய் ஊற்றுகிறோம். ஏன்? எண்ணெய் ஒரு மூடிபோல் மிதக்கிறது. காற்று ஊறுகாயைத் தொடுவதில்லை. பிறகு துணியால் வாயைக் கட்டுகிறோம்.

ஆனால் பாட்டி எண்ணெயை மட்டும் நம்பவில்லை. நிறைய உப்புப் போட்டார். மாங்காயில் புளிப்பும் இருந்தது. ஈரக் கரண்டியை உள்ளே விட மாட்டார். உப்பு, புளிப்பு, சுத்தம், காற்றில்லாமை ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஊறுகாயைக் காப்பாற்றின. இதை மறக்காதீர்கள். பின்னால் இது நமக்கு உதவும்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

இதற்கென்று தனிப் பைகள் உண்டு. பையின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அந்தக் கோடுகளின் வழியாகத்தான் காற்று வெளியே வரும். சாதாரண மெல்லிய பை இதற்கு உதவாது.

பண்டத்தைப் பையில் போட வேண்டும். வாய்ப்பக்கம் நான்கு விரல் அகலம் காலியாக விட வேண்டும். வாயின் உள்பக்கத்தைத் துணியால் துடைக்க வேண்டும். ஈரமோ மாவோ எண்ணெயோ இருந்தால் சரியாக ஒட்டாது.

பையின் வாயை இயந்திரத்தில் வைத்து மூடியை அழுத்த வேண்டும். உள்ளே ஒரு சிறிய பம்பு இருக்கிறது. அது காற்றை உறிஞ்சும். பை சுருங்கிப் பண்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு கம்பி சூடாகும். அந்தச் சூட்டில் பையின் வாய் உருகி ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்.

ஒட்டிய கோட்டைக் கையால் தடவிப் பாருங்கள். சுருக்கமோ இடைவெளியோ இருந்தால் மறுபடியும் ஒட்டுங்கள்.

மருமகள் புட்டு மாவை ஒட்டினாள். பை செங்கல்போல் இறுகிவிட்டது. கருவாட்டையும் ஒட்டினாள். கருவாடு நன்றாகக் காய்ந்திருந்தது. உடைத்தால் சடக் என்று ஒடிந்தது. ஆகவே அது சரி. அரைகுறையாகக் காய்ந்த கருவாடு என்றால் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

அடுத்து சிப்ஸ். இயந்திரம் காற்றை உறிஞ்சியது. நொறுக் நொறுக் என்று சத்தம் வந்தது. பாதி சிப்ஸ் தூளாகிவிட்டது! மகன் சிரித்தான்.

“கடையில் வாங்குகிற சிப்ஸ் பாக்கெட் பலூன்போல் உப்பியிருக்கிறதே, அது ஏன்?” என்று அம்மா கேட்டார்.

நல்ல கேள்வி. பெரிய கம்பெனிகள் அந்தப் பாக்கெட்டில் நைட்ரஜனை நிரப்புகின்றன. நைட்ரஜன் எண்ணெயைக் கெடுக்காது. ஆக்சிஜன் வெளியே போய்விடுகிறது. சிப்ஸும் நொறுங்குவதில்லை. வீட்டில் அது முடியாது. சிப்ஸை நன்றாக ஆறவிட்டு, கெட்டியான பையில் போட்டு, வாயை மட்டும் ஒட்டினால் போதும்.

பக்கத்து வீட்டு அக்கா வந்தார்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நர்ஸ். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். மீன் குழம்பு வாசம் அவரை உள்ளே இழுத்தது.

மருமகள் குழம்பைப் பையில் ஊற்றப் போனாள்.

“இதை எங்கே வைப்பீர்கள்?” என்று அக்கா கேட்டார்.

“பெட்டியில்தான். துணிக்கு நடுவில். அங்கே போய் அலமாரியில் வைத்துக்கொள்வான்” என்றார் அம்மா.

அக்கா கையை நீட்டித் தடுத்தார். “வேண்டாம் அம்மா. அப்படிச் செய்யாதீர்கள். இது உயிருக்கு ஆபத்து.”

“கொதிக்கக் கொதிக்க வைத்த குழம்பு. காற்றும் இல்லை. பிறகு என்ன ஆபத்து?”

“காற்று இல்லாததுதான் ஆபத்து” என்றார் அக்கா.

அம்மா திகைத்தார். அக்கா உட்கார்ந்து விளக்கினார்.

காற்று வேண்டாத கிருமி

கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் எங்கும் இருக்கின்றன. பல கிருமிகளுக்குக் காற்று வேண்டும். சில கிருமிகளுக்குக் காற்று வேண்டாம். காற்று இல்லாத இடத்தில்தான் அவை நன்றாக வளரும்.

இதை மனிதர்கள் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டார்கள். பிரான்சு நாட்டில் நிக்கோலா அப்பேர் என்ற சமையல்காரர் இருந்தார். அவர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, இறுக்கி மூடி, புட்டியோடு வெந்நீரில் வேகவைத்தார். அந்த உணவு பல மாதம் கெடாமல் இருந்தது. 1810-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது.

உணவு ஏன் கெடவில்லை? புட்டியில் காற்று இல்லாததுதான் காரணம் என்று அந்தக் கால அறிஞர்கள் சொன்னார்கள். நம் அம்மா நினைத்ததும் அதுதானே! அரை நூற்றாண்டுக்குப் பிறகு லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி உண்மையை விளக்கினார். கிருமிகள் உணவைக் கெடுக்கின்றன. வெப்பம் கிருமிகளைக் கொல்கிறது என்றார். 1861-ஆம் ஆண்டில் அவர் இன்னொன்றையும் கண்டார். காற்றில்லாமலே வாழும் கிருமிகள் உண்டு என்பதுதான் அது.

1895-ஆம் ஆண்டு, பெல்ஜியம் நாட்டில் எல்லெசெல் என்ற கிராமம். ஒரு சாவு வீட்டுக்கு வாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள். உப்பில் ஊறிய பன்றி இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பலருக்கு நோய் வந்தது. மூன்று பேர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கெம் என்ற அறிஞர் அந்த இறைச்சியை ஆராய்ந்தார். காற்றில்லாமல் வளரும் ஒரு கிருமியை அதில் கண்டுபிடித்தார். அதன் பெயர் பொட்டுலினம். அது உண்டாக்கும் நோய்க்குப் பொட்டுலிசம் என்று பெயர்.

இந்தக் கிருமி மண்ணில் இருக்கிறது. ஆற்று அடியிலும் கடல் அடியிலும் இருக்கிறது. காய்கறியோடும் மீனோடும் வீட்டுக்குள் வரும். நல்ல காலம், சாதாரணமாக அது நமக்குத் தீங்கு செய்வதில்லை. அது வளர்வதற்குச் சில வசதிகள் வேண்டும்:

காற்று இருக்கக் கூடாது.
ஈரம் இருக்க வேண்டும்.
உப்பும் புளிப்பும் குறைவாக இருக்க வேண்டும்.
குளிர் இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்த நான்கும் சேர்ந்தால் கிருமி வளரும். கொடிய நஞ்சை உண்டாக்கும்.

“குழம்பைக் கொதிக்க வைத்தேனே, கிருமி சாகாதா?” என்று அம்மா கேட்டார்.

“வளரும் கிருமி செத்துவிடும். ஆனால் இந்தக் கிருமி விதைபோல் ஒரு கூட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 டிகிரி. அந்தச் சூட்டிலும் அந்த விதை சாகாது. குழம்பு ஆறியதும், காற்றில்லாத பைக்குள் அது முளைக்கும்.”

“குழம்பில் புளி இருக்கிறதே?”

“ஊறுகாயில் இருக்கும் அளவு புளிப்பா அது? உப்பும் அந்த அளவு இல்லையே.”

“கெட்டுப்போனால் நாற்றம் வருமே. அவன் கண்டுபிடித்துவிட மாட்டானா?”

அக்கா தலையை ஆட்டினார். “காற்று வேண்டிய கிருமிகள்தான் பெரும்பாலும் நாற்றத்தை உண்டாக்கும். அவை பையில் வளராது. குழம்பு நல்ல வாசத்தோடு இருக்கலாம். உள்ளே நஞ்சும் இருக்கலாம்.”

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டார். வெகு நேரம் பேசவில்லை. ‘ஆசையாக அனுப்புகிற சோறு பிள்ளைக்கு விஷம் ஆகலாமா?’ என்ற எண்ணம் அவருக்கு.

நோயின் அடையாளங்கள்

இந்த நோய் அடிக்கடி வருவதில்லை. ஆனால் வந்தால் கொடியது. அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாப்பிட்டு 12 முதல் 36 மணி நேரத்தில் பெரும்பாலும் தொடங்கும். சில சமயம் சில நாள் கழித்தும் வரும். பார்வை இரண்டாகத் தெரியும். கண் இமை தொங்கும். நாக்குக் குழறும். விழுங்க முடியாது. கை கால் தளரும். மூச்சு முட்டும்.

உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 எண்ணுக்குப் போன் செய்யலாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றலாம். வீட்டு வைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தக் கூடாது.

கடையில் விற்கிறார்களே?

மகன் ஒரு கேள்வி கேட்டான். “அக்கா, கடையில் பையில் அடைத்த மீன் குழம்பு விற்கிறார்கள். பிரிட்ஜில் வைக்காமலே பல மாதம் இருக்கிறதே?”

“அது வேறு முறை தம்பி. ஆலையில் குழம்பைப் பையில் அடைத்து ஒட்டிய பிறகு, பெரிய அழுத்தக் கலத்தில் வைத்து, ஏறக்குறைய 121 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் கிருமியின் விதையும் சாகும். அந்தப் பையும் வேறு. சூடு தாங்கும் பை. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இந்த முறையைப் பற்றி அங்கே நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நம் வீட்டு இயந்திரம் காற்றை மட்டும்தான் எடுக்கும். எதையும் கொல்லாது.”

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான செய்தி. இன்னொரு முறை படியுங்கள். இந்த இயந்திரம் காற்றை எடுக்கும். கிருமியைக் கொல்லாது.

அப்படியானால் எதற்குப் பயன்படும்?

உலர்ந்த பண்டங்களுக்கு மிகவும் நல்லது. அரிசி, பருப்பு, ரவை, வறுத்த மாவு, மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, முந்திரி, காய்ந்த கருவாடு ஆகியவற்றை ஒட்டி வெளியில் வைக்கலாம். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி வளராது.

ஈரமான பண்டங்களுக்கு ஒரே விதி உண்டு. ஒட்டினாலும் குளிரில்தான் வைக்க வேண்டும். இறைச்சியை ஒட்டி உறைபெட்டியில் வைத்தால் காய்ந்து வெள்ளைத் திட்டு விழாது. உறைபெட்டி கழித்தல் 18 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

மீனில் கூடுதல் கவனம் வேண்டும். மீனில் இருக்கும் ஒரு வகைக் கிருமி குளிர்பெட்டியிலும் மெல்ல வளரும். ஆகவே ஒட்டிய மீனை உறைபெட்டியில்தான் வைக்க வேண்டும். சமைக்க எடுக்கும்போது முதலில் பையைக் கிழித்துத் திறந்துவிடுங்கள். பிறகு குளிர்பெட்டியில் வைத்து உருகவிடுங்கள்.

பச்சைப் பூண்டு, காளான் இரண்டையும் ஒட்டி வெளியில் வைக்கக் கூடாது. சமைத்த சோற்றையும் கறியையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். சூட்டோடும் ஒட்டாதீர்கள். ஆறவிட்டு ஒட்டி உடனே குளிரில் வையுங்கள்.

ஒட்டிய பை உப்பினால் திறக்காதீர்கள். ருசி பார்க்காதீர்கள். எறிந்துவிடுங்கள். ஆனால் உப்பாத பை எல்லாம் நல்ல பை என்றும் நினைக்காதீர்கள்.

இயந்திரம் இல்லையா? கவலை வேண்டாம். உலர்ந்த பண்டத்துக்கு இறுக்கமான மூடியுள்ள டப்பா போதும். டப்பாவை நிரப்பி வையுங்கள். காலியிடம் குறைந்தால் காற்றும் குறையும்.

விற்பனை செய்கிறவர்களுக்கு

கேரளத்தில் 1998-ஆம் ஆண்டு குடும்பஸ்ரீ தொடங்கியது. அதில் சேர்ந்த பெண்கள் பலர் சிப்ஸும் பொடியும் ஊறுகாயும் செய்து விற்கிறார்கள். நீங்களும் விற்கலாம். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன்படி சிறு வியாபாரியும் பதிவு செய்ய வேண்டும். பாக்கெட்டின் மேல் பண்டத்தின் பெயர், செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பவை இருக்க வேண்டும். வாங்கும்போது நீங்களும் இவற்றைப் படித்துப் பாருங்கள்.

அம்மா என்ன அனுப்பினார்?

“அப்போது என் பிள்ளைக்கு மீன் குழம்பே கிடையாதா?” என்று அம்மா கேட்டார்.

“ஷார்ஜாவும் கடற்கரை ஊர்தானே, அம்மா. அங்கேயும் மீன் கிடைக்கும். உங்கள் கைமணம்தான் கிடைக்காது. அதை அனுப்புங்கள்” என்றார் அக்கா.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மிளகாயும் மல்லியும் வெந்தயமும் வறுத்துப் பொடித்தார். நன்றாக ஆறவிட்டார். காய்ந்த குடம்புளியைத் தனியே எடுத்து வைத்தார். மருமகள் இரண்டையும் தனித்தனிப் பையில் ஒட்டினாள்.

அம்மா பேனாவை எடுத்தார். அவர் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. பையின் மேல் மெதுவாக எழுதினார்: ‘மீன் மசாலா’. கீழே அன்றைய தேதி. அதற்கும் கீழே இன்னொரு வரி: ‘அரைக் கிலோ மீனுக்கு இரண்டு கரண்டி’.

நெய்மீன் குழம்பு என்ன ஆயிற்று? அன்று இரவே எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

நினைவில் வையுங்கள்

1. காற்றை எடுத்தால் உலர்ந்த பண்டம் அதிக நாள் நிற்கும்.
2. காற்றை எடுப்பது கிருமியைக் கொல்லாது.
3. ஈரமான உணவை ஒட்டினாலும் குளிரில்தான் வைக்க வேண்டும்.
4. நல்ல வாசம் வந்தால் நல்ல உணவு என்று நம்பிவிடக் கூடாது.
5. ஒவ்வொரு பையிலும் பெயரும் தேதியும் எழுத வேண்டும்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்

1. அரிசியை ஒட்டி வைத்தால் வண்டு ஏன் வளராது?
2. சிப்ஸ் பாக்கெட்டில் எந்த வாயுவை நிரப்புகிறார்கள்? ஏன்?
3. ஊறுகாயைக் காப்பாற்றும் நான்கு எவை?
4. ஆலைக் குழம்புக்கும் வீட்டில் ஒட்டிய குழம்புக்கும் என்ன வேறுபாடு?

ஆ. சரியா, தவறா?

1. ஒட்டிய மீனை அலமாரியில் வைக்கலாம்.
2. உப்பிய பையை எறிந்துவிட வேண்டும்.
3. கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமி விதையும் செத்துவிடும்.

இ. எழுதுங்கள்

உங்கள் அடுப்படியில் உள்ள ஐந்து பண்டங்களின் பெயரை எழுதுங்கள். எவற்றை ஒட்டி வெளியில் வைக்கலாம்? எவற்றைக் குளிரில் வைக்க வேண்டும்? பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.